கால் புண்ணுக்கு எந்த அன்டிபயோட்டிக்? வாசகர் கேள்வியும் பதிலும்

மழை பிடித்துவிட்டால் சீனி வருத்தக்காரரின் கால் புண் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை நீக்கி, சுருக்கித் தந்திருக்கிறோம். பதில்களை ஒரு வைத்தியரும் ஒரு மருந்தாளரும் சேர்ந்து எழுதியுள்ளனர்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கொழுந்து எடுக்கிறார். சீனி வருத்தம் ஒன்பது வருஷமாக இருக்கிறது. மூன்று கிழமைக்கு முன் கவாத்து மலையில் குச்சி குத்தி, வலது காலில் சுண்டு விரலுக்குக் கீழே புண் வந்தது. வலி இல்லை என்று வேலைக்கும் போகிறார். கடையில் சிவப்பு மஞ்சள் கேப்சூல் நான்கு நான்காக மூன்று தடவை வாங்கிக் கொடுத்தோம். இப்போது நாற்றம் வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் விரலை எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். இதைவிடப் பலமான கேப்சூல் எது? (மகள், பொகவந்தலாவை)

பதில்: கேப்சூலைப் பற்றிப் பிறகு பேசலாம். நாற்றம் வந்த புண்ணை வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் முடிந்துவிட்டது. இந்தப் பதில் அச்சில் வரும்வரை நீங்கள் காத்திருக்கவில்லை என்று நம்புகிறோம். அதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் விரிவாக எழுதுகிறோம்.

வலி இல்லை என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. பல வருஷம் சீனி கூடியிருந்த காலில் நரம்பு மரத்துவிடும். ஆணி ஏறினாலும் தெரியாது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். தட்டவோ அழுத்தவோ வேண்டாம். தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்லட்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால் மரத்திருக்கிறது. அப்படிப்பட்ட கால் புண்ணோடு நடந்து நடந்து, கிருமியை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

புண்ணில் கிருமி பிடித்துவிட்டதா என்று பார்க்க ஐந்து அடையாளங்கள் உண்டு: வீக்கம் அல்லது தடிப்பு, புண் விளிம்பிலிருந்து அரை சென்ரிமீற்றருக்கு மேல் பரவிய சிவப்பு, தொட்டால் வலி, சுற்றுப்புறத்தில் சூடு, சீழ். இவற்றில் இரண்டு இருந்தால் தொற்று என்று கொள்ளலாம். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. ஊதா நிறமாகவோ வெறும் பளபளப்பாகவோ தெரியும். ஆகவே புறங்கையால் இரண்டு காலையும் மாறி மாறித் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். பிறகு போல்பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதுங்கள். கோட்டைத் தாண்டிச் சிவப்பு போகிறதா என்பது வைத்தியருக்கு மிகவும் உதவும் தகவல்.

சிவப்பு 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியின் அகலம், தோட்ட மருந்தகத்தோடு நிற்காமல் சத்திரசிகிச்சைப் பிரிவு உள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தோல் கறுத்தாலும், கொப்புளம் ஊதாவாக மாறினாலும், அழுத்தும்போது தோலுக்கடியில் நறநறவென்று காற்று தட்டுப்பட்டாலும் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்க வேண்டாம். காய்ச்சல் 38 பாகை செல்சியசுக்கு மேல், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90க்கு மேல், மூச்சு 20க்கு மேல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம், இறங்காத சீனி ஆகியவை கிருமி இரத்தத்தில் பரவுவதன் அறிகுறிகள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். லயத்துக்கு வாகனம் ஏற முடியாது என்றால், பிரதான வீதியில் எந்தச் சந்திக்குக் கொண்டுவருவீர்கள் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒரு விஷயம்: சீனி வருத்தக்காரருக்குக் கால் அழுகும்போதுகூடக் காய்ச்சல் வராமல் இருக்கலாம். காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள்.

இனிக் கேப்சூல். நீங்கள் சொல்லும் நிறத்தில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அமொக்சிசிலின். நிறத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. தோல் புண்ணில் முதலில் குடியேறுவது ஸ்டெபிலோகொக்கஸ் என்ற கிருமி. அது அமொக்சிசிலினை உடைக்கும் நொதியைச் சுரப்பதால், தனி அமொக்சிசிலின் அதற்குப் பெரும்பாலும் வேலை செய்யாது. கிளவுலானிக் அமிலம் சேர்ந்த கோ-அமொக்சிகிளாவ், குளொக்சசிலின், செபலெக்சின் போன்றவற்றை வைத்தியர் தெரிவுசெய்வது இதனால்தான். அளவும் காணாது. நாளுக்கு மூன்று வீதம் நான்கு கேப்சூல் ஒன்றரை நாளைக்கும் வராது. ஒவ்வொரு முறையும் பலவீனமான கிருமி மட்டும் சாக, தாக்குப்பிடித்தது பெருகியிருக்கும். நாற்றமோ காற்றில்லாத ஆழத்தில் வளரும் வேறு கிருமிகளும் சேர்ந்துவிட்டதைக் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சீழ் கட்டிய இடத்துக்கும் செத்த சதைக்கும் இரத்தம் போகாது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. மேலே குழாய் அடைத்திருக்கும்போது கீழே பீலியைத் திறந்து வைத்து என்ன பயன்? எவ்வளவு விலையுயர்ந்த கேப்சூலானாலும் இதே கதைதான். வைத்தியரின் சீட்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்பதைச் சட்டமும் அனுமதிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்? செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்வார்கள், சீழ் இருந்தால் கீறி வெளியேற்றுவார்கள், ஆழத்திலிருந்து சதைத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கால் நாடி எல்லாம் பார்ப்பார்கள். நரம்பு வழியே மருந்து தொடங்கும். உதாரணமாக கோ-அமொக்சிகிளாவ் 1.2 கிராம் எட்டு மணிக்கொரு முறை. சீனியை இன்சுலினால் இறக்குவார்கள். குச்சி குத்திய புண் என்பதால், கடைசி ஏற்பு ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் என்றால் அதையும் போடுவார்கள்.

விரலை எடுக்கவே மாட்டார்கள் என்று நாங்கள் பொய் சொல்லப்போவதில்லை. எலும்பு அழுகியிருந்தால் எடுக்க வேண்டி வரலாம். ஆனால் காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களில் அநேகருடைய கதை, ஒரு விரலைக் காப்பாற்ற வீட்டில் தங்கிய கதைதான். போகும்போது கிளினிக் கொப்பி, கொடுத்த கேப்சூலின் அட்டை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் மூன்றையும் கொண்டுபோங்கள்.

கேள்வி: அப்பாவை வாட்டில் இருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குளொக்சசிலின் 500 மி.கி. ஆறு மணிக்கொரு முறை, மெட்ரோனிடசோல் 400 மி.கி. எட்டு மணிக்கொரு முறை, பத்து நாளைக்கு. அவர் மூன்று வேளைச் சாப்பாட்டோடு எல்லாவற்றையும் போட்டுக்கொள்கிறார். சரியா? மாலையில் சாராயமும் எடுப்பார். (மகன், தலவாக்கலை)

பதில்: இல்லை. குளொக்சசிலின் வெறும் வயிற்றில் போட வேண்டிய மருந்து. சாப்பாடு இருந்தால் அது உடம்பில் ஏறுவது குறைந்துவிடும். சாப்பிட ஒரு மணித்தியாலம் முன், அல்லது சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, நிறையத் தண்ணீரோடு. தோட்டத்து நேரத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: காலை 5 மணி எழும்பியதும் ஒன்று, 11 மணிக்குப் பகல் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, மாலை 5 மணிக்கு ரொட்டி, பணிஸ் எதுவும் கடிக்கும் முன் ஒன்று, இரவு 11 மணிக்கு ஒன்று. இரவுச் சாப்பாட்டை எட்டரைக்குள் முடித்துவிட்டால் கடைசி வேளைக்கு வயிறு காலியாக இருக்கும். கைத்தொலைபேசியில் நான்கு அலாரம் வைத்துக் கொடுங்கள். ஒரு வேளை தவறினால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக்கூடாது.

மெட்ரோனிடசோல் இதற்கு நேர்மாறு: சாப்பாட்டுக்குப் பின். காலை 6, பகல் 2, இரவு 10 என்று வைக்கலாம். காலையிலும் பகலிலும் சாப்பிட்ட கையோடு போடட்டும். இரவு பத்து மணிக்கென்று புதிதாகச் சாப்பிட வேண்டாம். வாய் இரும்பு நக்கியது போல இருக்கும், சிறுநீர் கறுக்கும், பயப்பட வேண்டாம். சாராயம், கசிப்பு, பியர் எதுவும் மருந்து முடிந்து இரண்டு நாள் வரை கூடாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கும். அப்படி ஆனவர்கள் மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை நிறுத்திவிட்டுச் சாராயத்தைத் தொடர்வதுண்டு!

உடம்பில் தடிப்பு, முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் வந்தால் குளொக்சசிலினை நிறுத்தி உடனே காட்டுங்கள். அது பென்சிலின் குடும்பம். கண் மஞ்சளானாலும் அப்படியே. மருந்து முடிந்து சில கிழமைக்குப் பிறகுகூட இது வரலாம்.

கேள்வி: கேப்சூலைப் பிரித்துத் தூளைப் புண்ணில் போடலாமா? மஞ்சளும் கோப்பித்தூளும் போடுகிறோம், கேடு உண்டா? புண்ணை எதனால் கழுவுவது? (வாசகி, ராகலை)

பதில்: தூள் போடக்கூடாது. வயிற்றில் கரைந்து இரத்தம் வழியே போக வேண்டிய மருந்து அது. மேலே போட்டால் கட்டியாகி, சீழை உள்ளே அடைத்து வைக்கும், ஒவ்வாமையும் வரும். மஞ்சள், கோப்பித்தூள், சாம்பல், சிலந்தி வலை எல்லாவற்றிலும் மண்ணின் கிருமி இருக்கும். அதோடு நிறத்தை மறைத்துவிடுவதால், புண் நன்றாகிறதா கறுக்கிறதா என்று வைத்தியருக்கே தெரியாமல் போகும். ஐதரசன் பெரொக்சைட், ஸ்பிரிட், கெட்டியான டெட்டோல் மூன்றும் புதிதாக முளைக்கும் சதையைச் சுட்டுவிடும்.

கழுவ உப்புத் தண்ணீர் போதும். பீலித் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே நன்றாகக் கொதி வந்த பின் மூன்று நிமிடம் விட்டு இறக்குங்கள். அரை லீற்றருக்கு மட்டமான ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய உப்பு. மூடி ஆறவிட்டு, அன்றைக்கே முடியுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பழைய கட்டை உப்புத் தண்ணீரில் நனைத்து, ஒட்டாமல் எடுங்கள். புண்ணின் மேல் தண்ணீரை ஊற்றிக் கழுவி, சுற்றுத் தோலை ஒற்றி உலர்த்துங்கள். விரலிடுக்கை மறக்காதீர்கள். பிறகு கிருமி நீக்கிய துணி வைத்து, இறுக்காமல் கட்டுங்கள். கட்டு நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். ஊறவைப்பது மட்டும் வேண்டாம்: சுடுதண்ணீர்ப் பேசினில் காலை வைத்திருக்கும் பழக்கத்தால் மரத்த கால் வெந்துபோன நிலையில் வருகிறவர்கள் உண்டு.

கேள்வி: கணவரின் புண்ணில் பஞ்சு தடவிப் பார்த்ததில் சூடோமோனாஸ் என்ற கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது. டொக்டரோ மருந்து தேவையில்லை, கட்டை மட்டும் மாற்றுங்கள் என்கிறார். கிருமி இருக்கிறது என்று எழுதியிருக்கும்போது மருந்து தராமல் விடலாமா? (பண்டாரவளை)

பதில்: விடலாம். உங்கள் கடிதத்தில் புண் சிவக்கவில்லை, சீழ் இல்லை, வீக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் செய்தது சரி. திறந்த புண் எதுவானாலும் மேற்பரப்பில் கிருமி குடியிருக்கும். நல்ல உடம்பில் வந்த புண்ணைப் பஞ்சால் தடவினாலும் ஏதோவொன்று வளரத்தான் செய்யும். தொற்று இருக்கிறதா என்று சொல்ல வேண்டியது ஆய்வுகூடக் காகிதம் அல்ல, புண். முதல் பதிலில் சொன்ன ஐந்து அடையாளங்களில் இரண்டு இல்லாத புண்ணுக்கு அன்டிபயோட்டிக் கொடுப்பதால் அது சீக்கிரம் ஆறுவதில்லை, தொற்று வராமல் தடுக்கப்படுவதும் இல்லை. வயிற்றோட்டமும் அடுத்த முறைக்கு மருந்து கேட்காத கிருமியும்தான் மிச்சம்.

தொற்று இருக்கும்போதுகூடப் பஞ்சு தடவல் ஏமாற்றும். புண்ணைக் கழுவி, செத்த சதையை நீக்கிய பின், அடியிலிருந்து சுரண்டியோ சிறு துண்டாகவோ எடுப்பதே நம்பத்தக்கது. முடிந்தால் முதல் வேளை அன்டிபயோட்டிக்குக்கு முன்பே எடுக்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதில் மருந்துப் பெயர்களுக்கு நேரே ஆங்கில எஸ் இருந்தால் அந்த மருந்து கேட்கும், ஆர் இருந்தால் கேட்காது. அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே பாமசிக்குப் போய் எஸ் போட்ட மருந்தைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். எது எலும்புக்குள் போகும், எது சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதையெல்லாம் அந்த எழுத்து சொல்லாது.

சூடோமோனாஸ் ஈரத்தை விரும்பும் கிருமி. நனைந்த கட்டோடும் ஈர பூட்சோடும் இருக்கும் காலில் அது சும்மாவே வந்து தங்கும். கட்டு பச்சையாகத் தெரிந்தால் அடிக்கடி மாற்றி, காலை உலர வையுங்கள். சிவப்போ வீக்கமோ தொடங்கினால் அதே டொக்டரிடம் திரும்பப் போங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு எலும்பில் பிடித்துவிட்டது என்று ஆறு கிழமைக்கு மாத்திரை கொடுத்தார்கள். புண் மூடிவிட்டதால் மூன்றாம் கிழமை நிறுத்திவிட்டார். அதே டொக்டர் இன்னொருவருக்கு விரலை எடுத்த பின் ஐந்து நாள்தான் கொடுத்தாராம். ஏன் இந்த வித்தியாசம்? ஊசி போடாமல் மாத்திரை கொடுத்தால் எலும்புக்குப் போகுமா? (ஹட்டன்)

பதில்: கெட்ட எலும்பு உள்ளே இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்பதுதான் வித்தியாசம். தோலும் சதையும் மட்டும் என்றால் ஒன்று முதல் இரண்டு கிழமை. எலும்பில் பிடித்து, அதை வெட்டாமல் மருந்தால் மட்டும் பார்ப்பதென்றால் ஆறு கிழமை. கெட்ட எலும்பு முழுவதையும் எடுத்துவிட்டால் சில நாள். எடுத்த பின்பும் வெட்டு ஓரத்தில் கிருமி இருப்பதாகப் பரிசோதனை சொன்னால் மூன்று கிழமை வரை.

தோல் மூடியதால் எலும்பு ஆறிவிட்டதென்று ஆகாது. எலும்புக்குள் இரத்த ஓட்டம் குறைந்த மூலைகளில் கிருமி பதுங்கியிருந்து, சில மாதம் கழித்து அதே இடத்தில் சிறு துளையாக வெளியே வரும். மருந்து முடிந்து ஆறு மாதம் திரும்ப வராமல் இருந்தால்தான் சுகம் என்று வைத்தியர் எழுதுவார். உங்கள் அண்ணன் மிச்ச மாத்திரையைத் தானாகத் தொடங்காமல், நிறுத்திய திகதியைச் சொல்லிக் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

எலும்பில் பிடித்திருக்கிறதா என்பதை முதல் எக்ஸ்ரேயை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அரிப்பு படத்தில் தெரிய இரண்டு மூன்று கிழமை பிடிக்கும். அதனால்தான் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள், பணத்துக்காக அல்ல. புண்ணுக்குள் உலோகக் குச்சியை மெல்ல விட்டு, கடினமாகத் தட்டுகிறதா என்று வைத்தியர் பார்ப்பதும், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை அளவு கூடியிருக்கிறதா என்று பார்ப்பதும் இதற்காகவே. ஒரு விரல் மட்டும் சொசேஜ் மாதிரி உருண்டு சிவந்து வீங்கினால் எலும்பைச் சந்தேகியுங்கள்.

ஊசிதான் பலம் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் மிக ஆழமானது. பிரித்தானியாவில் எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரை வைத்து நடந்து, 2019இல் வெளியான ஆய்வில், தொடக்கத்துக்குப் பின் மாத்திரைக்கு மாறியவர்களும் ஊசியிலேயே இருந்தவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். எலும்புக்குள் நன்றாகப் போகும் மாத்திரையாக, கிருமிக்குக் கேட்கும் மாத்திரையாக, வேளை தவறாமல் போட்டால் போதும். வாந்தி எடுப்பவருக்கும் இரத்தத்தில் கிருமி பரவியவருக்கும் ஊசிதான், அதில் மறுபேச்சில்லை.

கேள்வி: அப்பாவுக்கு சிப்ரோபுளொக்சசின் தொடங்கி மூன்றாம் நாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி மயங்கினார். சீனி 48. அவர் சீனிக்குக் கிளிக்ளாசைட் மாத்திரை போடுகிறவர். அன்டிபயோட்டிக் சீனியைக் குறைக்குமா? (புசல்லாவை)

பதில்: சில குறைக்கும். சிப்ரோபுளொக்சசின், லீவோபுளொக்சசின், கோ-ட்ரைமொக்சசோல், கிளாரித்ரோமைசின் ஆகியவை கிளிக்ளாசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போடுகிறவர்களுக்குச் சீனியைத் திடீரென்று இறக்கலாம். வயதானவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் இது கூடுதல். காய்ச்சலில் சாப்பாடு குறைவதும் சேர்ந்துகொள்ளும். 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 1990க்கு அழையுங்கள். கிளிக்ளாசைட்டின் தாக்கம் பல மணித்தியாலம் நிற்கும், ஆகவே தேறினாலும் அன்றே காட்டுங்கள்.

தொற்று கூடும்போது சீனி பொதுவாக ஏறும். அதனால் மருந்தோடு இருக்கும் நாட்களில் காலையும் இரவும் பார்ப்பது நல்லது. கடுமையான காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் இருந்தால் சீனி மாத்திரையான மெட்போமினை அவை அடங்கும்வரை நிறுத்துவதா என்று வைத்தியரைக் கேளுங்கள். எம்பாகிளிபுளொசின் போன்றவற்றையும் அப்படியே. இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தவே கூடாது.

சிப்ரோபுளொக்சசினுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை, கல்சியம், வயிற்றெரிச்சல் மருந்து, பால், தயிர் எதனோடு சேர்ந்தாலும் குடலில் பிணைந்து வெளியே போய்விடும். அவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னோ ஆறு மணித்தியாலம் பின்னோ போட வேண்டும். தோட்டத்தில் பல பெண்களுக்கு இரும்பு மாத்திரை கிளினிக்கிலேயே கிடைக்கிறது. பால் தேநீரில் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள். குதிகால் தசைநாரில் வலி வந்தால் மாத்திரையை நிறுத்திச் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கு லொசார்டன், எனலப்ரில் போடுகிறவர்களுக்குக் கோ-ட்ரைமொக்சசோல் கொடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் போடுகிறவர் கிளாரித்ரோமைசினோடு சேர்த்துப் போடக்கூடாது. இதற்காகத்தான் கிளினிக் கொப்பியை எங்கே போனாலும் கொண்டுபோகச் சொல்கிறோம். புண் வலிக்கு டைக்குளோபினாக் வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும், பரசிட்டமோல் போதும்.

கேள்வி: தம்பிக்குச் சீனி வருத்தம். மகியங்கனைப் பக்கம் வயல் வேலைக்குப் போய் வந்த பின் தொடையில் கட்டி, விட்டு விட்டுக் காய்ச்சல், இருமல். குளொக்சசிலின், செபலெக்சின் இரண்டும் கொடுத்தும் குறையவில்லை. (பசறை)

பதில்: பதுளை பெரிய வைத்தியசாலையில் காட்டி, "வயலில் வேலை செய்தவர், சீனி வருத்தக்காரர்" என்ற இரண்டையும் முதல் வசனமாகச் சொல்லுங்கள். மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய் இலங்கையில் இருக்கிறது. சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் கிருமி, தோல் வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். பிடிப்பவர்களில் பெரும்பாலோர் சீனி வருத்தக்காரர்கள். தோலில் கட்டி, நுரையீரலில் சளிக்காய்ச்சல், ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ் என்று பல இடத்தில் வரும். குளொக்சசிலினும் செபலெக்சினும் இதைத் தொடாது. ஜென்டாமைசினும் கேட்காது. செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியே குறைந்தது இரண்டு கிழமை, பிறகு கோ-ட்ரைமொக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம் போக வேண்டும். இரத்தமும் சீழும் வளர்ப்புப் பரிசோதனைக்குப் போகாமல் கண்டுபிடிக்க முடியாது. தம்பிக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. காசநோயும் இதே வேஷத்தில் வரும். இரண்டையும் பார்க்கட்டும்.

கேள்வி: புண் இருக்கும்போது எப்போது மலைக்கு ஏறலாம்? (லிந்துலை)

பதில்: அடிப்பாதத்தில் புண் என்றால் மூடும்வரை ஏற வேண்டாம். ஒவ்வொரு அடியும் புண்ணை நசுக்கும். அன்டிபயோட்டிக் அதை ஈடுகட்டாது. வைத்தியர் கட்டும் மாக்கட்டு அல்லது பிரத்தியேகப் பாதணியை வீட்டுக்குள்ளும் கழற்றக்கூடாது. கழிப்பறைக்கு வெறுங்காலோடு போகும் பத்து அடியும் கணக்கில் சேரும். வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் கேளுங்கள், கிடைக்கும். குளிருக்கு அடுப்படியில் காலை நீட்ட வேண்டாம், காலுறை போடுங்கள். பீடி, சிகரெட்டை விடாமல் கால் இரத்தக் குழாயைக் காப்பாற்ற முடியாது.

கேள்வி: அட்டை கடித்த இடத்துக்கும் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கும் முன்கூட்டியே அன்டிபயோட்டிக் போட்டுக்கொள்வது நல்லதா? எனக்குச் சீனி வருத்தம். (கொழுந்து எடுக்கும் வாசகி, நோர்வூட்)

பதில்: இரண்டுக்கும் வேண்டாம். அட்டையைப் பிய்த்து இழுக்காதீர்கள். ஒல்லியான முனையில் நகத்தைச் சரித்து வழித்தால் விட்டுவிடும். சுண்ணாம்பு, நெருப்பு வேண்டாம். மரத்த தோலைச் சுடும். சவர்க்காரத்தால் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சில மணித்தியாலம் கசிவது வழக்கம். நகத்தால் சொறிந்து கிளறுவதால்தான் அது புண்ணாகிறது. இரண்டாம் நாளுக்குப் பின் சிவப்பு அகன்றால் காட்டுங்கள்.

சேற்றுப்புண் பூஞ்சணத்தால் வருவது. அன்டிபயோட்டிக் அதற்குக் கேட்காது. கிளொட்ரிமசோல் பூச்சை நாளுக்கு இரண்டு தடவை, உலர்த்திய இடுக்கில் மெல்லியதாகப் பூசுங்கள். வெள்ளை போன பின்பும் இரண்டு கிழமை தொடருங்கள். அந்த வெடிப்பு வழியேதான் கெண்டைக்கால்வரை வீங்கும் தொற்று ஏறுகிறது, ஆகவே இதை அற்பமாக எண்ண வேண்டாம். பூட்சைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கல், குச்சி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துப் போடுங்கள். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு உலர்ந்த காலுறையைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோங்கள். இரவில் காலைக் கழுவியதும் அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் ஒரு பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.